திருப்பிக் கொடுக்கப் போன தட்டு

போன வாரம் மாதவராஜ் செய்த காரியத்துக்காக நீங்களெல்லாம் அவன் மேல் கோபமாகத்தான் இருப்பீர்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்தவன், சட்டென்று எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வண்டியேறிப் போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

மணிமேகலைக்கு வந்த கோபம் ஏழு நாள் ஆகியும் இறங்கவில்லை.

"எழவு வூட்டுலதான்டி சொல்லாம கொள்ளாம எந்திரிச்சுப் போவாங்க. எம் வூட்ட என்னன்னு நெனச்சான் அவன்?"

இதைச் சாமந்தித் தோட்டத்தில் பூப் பறிக்கும்போது மகள் பூவிழியிடம் ஒரு தடவை, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது மாட்டிடம் ஒரு தடவை, ஓசூரில் லாரி ஓட்டும் கணவர் கிருஷ்ணப்பனிடம் போனில் ஒரு தடவை என்று தினமும் மூன்று வேளை மாத்திரை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். கிருஷ்ணப்பன் அந்தப் பக்கம் 'ம்' கொட்டுவார். மனைவியை ஒரு வார்த்தை கேட்காமல், "பையன் தங்கமான பையன், முடிச்சிரலாம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு லாரியேறிய மனிதர் வேறென்ன செய்ய முடியும்?

காரணம் தெரிந்த ஒரே ஆள் பூவிழி. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அமரர் ஊர்தியும் ஃப்ரீசர் பெட்டியும் வாடகைக்கு விடுவதுதான் மாதவராஜின் தொழில். இருபது வயதிலிருந்து அவன் கால் வைத்த வீடெல்லாம் துக்க வீடு. அங்கே வருகிறவரை யாரும் "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. போகிறவரும் "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. நான்கு வருஷமாகச் சொல்லாத வார்த்தை, பெண் பார்க்கப் போன இடத்தில் மட்டும் எப்படி வாயில் வரும்?

பூவிழி தர்மபுரியில் எம்.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம் படிக்கிறாள். பாடத்தில் ஒரு கிரேக்கத்துக் கதை வந்தது. பூப் பறித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பாதாளத்து ராஜா தேரில் தூக்கிப் போய்விடுவான். பெற்றவள் துக்கத்தில் பூமியில் ஒரு புல்கூட முளைக்க விடமாட்டாள். கடைசியில் பெண்ணைத் திருப்பி அனுப்பலாம் என்று முடிவானபோது பார்த்தால், அவள் அங்கே சில மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டிருப்பாள். தின்றால் தின்றதுதான். வருஷத்தில் பாதி பாதாளத்தில், பாதி தாயோடு என்று ஆகிவிடும்.

அன்றிலிருந்து மாதவராஜுக்கு அவள் வைத்த பெயர் பாதாள ராஜா. அவனிடமே சொன்னபோது அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, "எங்கிட்ட தேரெல்லாம் இல்லீங்க, மினி வேன்தான்" என்றான். அந்த ஒரு பதிலுக்காகவே அவனைக் கட்டிக்கொள்ளலாம் என்று பூவிழி நினைத்தாள். இன்றைக்கும் அதே நினைப்புதான்.

ஆனால் வியாழக்கிழமை காலையில் மணிமேகலை ஒரு முடிவோடு எழுந்தாள்.

பெண் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன தட்டு சாமி படத்துக்குக் கீழே அப்படியே இருந்தது. வெற்றிலை காய்ந்து, பூ கருகி, ஆறு மாதுளம்பழம் மட்டும் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். அப்புறம் எந்தப் பக்கத்துச் சொந்தமும் வாயைத் திறக்க முடியாது. யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்தான். ஆனால் மணிமேகலைக்கு அந்த ஆளை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்டாக வேண்டும்.

"நானும் வரேம்மா" என்றாள் பூவிழி.

"வா. எப்பேர்ப்பட்ட எடத்துக்கு வாக்கப்பட நின்னேன்னு ஒங் கண்ணாலயே பாரு. ஆனா ஒண்ணு. அங்க பச்சத் தண்ணி பல்லுல படக் கூடாது. கை நனைச்சிட்டா அப்புறம் ஒண்ணும் பேச முடியாது, தெரியுமில்ல?"

தெரியும். சம்பந்தம் பேசி முடியாத வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டால் சம்மதம் என்றுதான் கணக்கு. கிரேக்கத்துக்காரனுக்கு இது எப்படித் தெரிந்தது என்பதுதான் பூவிழிக்கு ஆச்சரியம்.

மாரண்டஅள்ளி பஸ்ஸில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு தாயும் மகளும் பாலக்கோடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. மணிமேகலை தட்டை முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள்.

மாதவராஜின் வீட்டு வாசலில் வண்டி நின்றிருந்தது. வெள்ளை வண்டி, பளபளவென்று கழுவிவிட்டிருந்தது. வீட்டை ஒட்டி ஒரு ஷெட். அதன் கதவு திறந்திருந்தது. உள்ளே கண்ணாடி மூடி போட்ட நீளமான பெட்டிகள் மூன்று. மணிமேகலை அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள். பூவிழி நன்றாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

"வாங்க, வாங்க, வாங்க!" என்று வாசலுக்கே ஓடி வந்தாள் மாதவராஜின் அம்மா முனியம்மாள். "எம் மவன் சொல்லாம உட்டதுக்கும் சேத்து நானே சொல்லிடறேன். உள்ள வாங்க தங்கச்சி. வாடா கண்ணு."

மணிமேகலை உட்காரவில்லை. தட்டை நீட்டினாள்.

"இத குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அட, பழமா!" முனியம்மாள் தட்டை வாங்கி ஒரு பழத்தைக் கையில் எடுத்து எடைபோட்டாள். "திருப்பிக் கொண்டாந்தது நல்லதாப் போச்சு. இங்கயே உரிச்சு எல்லாரும் சாப்புடலாம். வெயில்ல வந்திருக்கறீங்க."

புரியாத மாதிரி நடிப்பதில் முனியம்மாளை மிஞ்ச அந்தத் தாலுகாவில் ஆள் கிடையாது. தட்டோடு சமையலறைக்குள் போய்விட்டாள். முகத்தில் அடித்த மாதிரி பேச வந்த மணிமேகலை, பேச எதிரில் ஆளில்லாமல் வேறு வழியின்றி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முதலில் தண்ணீர் வந்தது. இருவரும் தொடவில்லை. காபி வந்தது. ஆடை கட்டி ஆறியது. தட்டு நிறைய முறுக்கு வந்தது. பூவிழிக்குத் தொண்டை வறண்டு ஒட்டிக்கொண்டது. கடைசியில் ஒரு கிண்ணம் நிறைய மாதுளை முத்து வந்து நடுவில் உட்கார்ந்தது.

மாதவராஜ் வந்தான். வெள்ளைச் சட்டை, ஈரத் தலை. பூவிழியைப் பார்த்ததும் அவன் காது சிவந்தது. மணிமேகலை அதையும் பார்த்தாள்.

"எங்க வூட்டுல இருந்து சொல்லாம எந்திரிச்சு வந்தீங்களே, எங்க வூட்ட என்னன்னு நெனச்சீங்க?"

"தப்புதாங்கம்மா." அவன் சுற்றி வளைக்கவில்லை. "வண்டியில பாதி தூரம் வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. திரும்பி வந்து சொல்லலாம்னா இன்னும் மோசமா இருக்கும்னு வுட்டுட்டேன். நான் போற எடத்துல அந்த வார்த்தைய சொன்னா ஜனங்க அடிக்க வருவாங்க. அப்படியே பழகிப் போச்சுங்க. மன்னிச்சிருங்க."

இப்படி நேராகச் சரணடைந்தால் எப்படித்தான் சண்டை போடுவது? மணிமேகலைக்குக் கோபத்தில் பாதி கழன்று விழுந்தது. மீதிப் பாதி கோபம் இல்லை, பயம். அதைத்தான் அவள் அடுத்துச் சொன்னாள்.

"சரி, அத வுடுங்க. எம் பொண்ணு பொறந்ததுல இருந்து பூவுக்குள்ள வளந்தவ. எந் தோட்டத்துப் பூவு தீர்த்தமலை சாமி கழுத்துல கெடக்குது, முகூர்த்தத்துக்குப் போவுது. அவள கொண்டாந்து இந்தப் பெட்டிங்களுக்கு நடுவுல வெக்கச் சொல்றீங்களா? விடிஞ்சா சாவு, பொழுது போனா சாவு. எனக்கு மனசு வருமா? நீங்களே சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து மணிமேகலையின் போன் அடித்தது. கிருஷ்ணப்பன்தான். 'தட்ட குடுத்துட்டியா?' என்று அவர் கேட்டிருக்க வேண்டும். "வாக்கு குடுத்த ஆளு நீ வந்து நிக்கணும் இங்க!" என்று கத்திக்கொண்டே மணிமேகலை வாசலுக்குப் போனாள். முனியம்மாள் ஆறிப்போன காபியைச் சுட வைக்க உள்ளே எடுத்துப் போனாள்.

கூடத்தில் இரண்டு பேரும் ஒரு கிண்ணமும்தான் இருந்தார்கள்.

பூவிழி ஒரே ஒரு முத்தை எடுத்தாள். விரல் நுனியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இத வாயில போட்டா கத முடிஞ்சிருச்சு. எங்கம்மா தட்டு குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டியும் ஒண்ணுதான்."

"போடாதீங்க" என்றான் மாதவராஜ்.

"ஏன், பாதாள ராஜாவுக்குப் பயமா?"

"பயம்தாங்க. ஏமாத்தி இழுத்துட்டுப் போயிட்டான்னு உங்கம்மா ஒரு நாள் சொன்னா, ஆயுசுக்கும் அது எங் காதுல கேட்டுட்டே இருக்கும். அவங்க மனசார சொல்லட்டும். இல்லன்னா..." அவன் நிறுத்தினான். "இல்லன்னா நான் காத்திருக்கறேன்."

"எவ்வளவு நாள்?"

"நாள் பாக்கற தொழிலா எங்களது?"

பூவிழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முத்தைக் கிண்ணத்திலேயே போட்டாள். வகுப்பில் அந்தப் பெண் ஏமாந்து தின்றாளா, தெரிந்தே தின்றாளா என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. தெரிந்தேதான் தின்றாள் என்று பெரிதாகக் கத்தியவள் பூவிழி. இப்போது கையில் எடுத்ததைத் திருப்பிப் போட்டபோதுதான், இந்த ஆள் மேல் எவ்வளவு ஆசை என்று அவளுக்கே தெரிந்தது.

மணிமேகலை திரும்பி வருவதற்கும் மாதவராஜின் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவன் ஓரமாகப் போய் நின்று பேசினான். ஆனால் சின்னக் கூடம், எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுங்கண்ணா... பென்னாகரமா? அம்மாவா? எப்பங்க? ... சரி. அண்ணா, நீங்க மொதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. குடிச்சிட்டீங்களா? சரி. இப்ப நீங்க ஒண்ணும் யோசிக்க வேணாம். சொந்தக்காரங்களுக்கு மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கறேன். எங்க ஆளு ஆண்டி அண்ணன் பெட்டியோட இப்பவே கெளம்பிருவாரு. பின்னாடியே நான் வரேன். ... அண்ணா, அம்மாவுக்கு எந்தப் பூவு புடிக்கும்?"

அந்தப் பக்கத்திலிருந்து அழுகைச் சத்தம் மட்டும் லேசாகக் கேட்டது. அவன் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தான்.

"சாமந்தியா? சரிங்கண்ணா. நல்ல பூவா கொண்டாறேன்."

போனை வைத்தான். ஷெட் பக்கம் குரல் கொடுத்து ஆண்டி அண்ணனைக் கிளம்பச் சொன்னான். நான்கு வருஷப் பழக்கம் நாக்கைத் தடுத்தது என்றால், மூன்று வருஷப் பழக்கம் அதை அவிழ்த்து விட்டது. யோசிக்காமல் பூவிழி பக்கம் திரும்பி, "காலையில பறிச்சது இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டான்.

கேட்ட பிறகுதான் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"எது இருக்குதா?" என்றாள் மணிமேகலை.

இனி மறைத்துப் பயனில்லை. பூவிழி அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். காலையில் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு வரும்போது மூன்று வருஷமாக ஒரு கூடையை மாதவராஜுக்கென்று தனியாக எடுத்து வைக்கிறாள். அப்படித்தான் பழக்கம். அப்படித்தான் எல்லாம்.

"எம் பூவையா?" மணிமேகலையின் குரல் உயரவில்லை. அதுதான் பூவிழிக்குப் பயமாக இருந்தது. "எம் பூவ பொணத்துக்கா போட்ட?"

காபியோடு வந்து நின்ற முனியம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். நடிப்பெல்லாம் அவள் முகத்திலிருந்து போய்விட்டிருந்தது.

"அவள வையாத தங்கச்சி. நான் சொல்றேன், கேளு. எங்கூட்டுக்காரரு கொரானாவுல போனாரு. துணியில சுத்திக் குடுத்தாங்க. பஸ்ஸு இல்ல, கடை இல்ல. இவன் அப்ப காலேஜு படிச்சிட்டிருந்தவன். அப்பன் மேல போட ஒரு மொழம் பூ கெடைக்குமான்னு சைக்கிள எடுத்துட்டு ஊரு ஊரா சுத்தினான். கெடைக்கல. ரோட்டோரமா இருந்த ஆவாரம்பூவ ஒடிச்சாந்து போட்டான். அப்புறம்தான் படிப்ப வுட்டுட்டு இந்தத் தொழிலுக்கு வந்தான். யாரையும் பூவில்லாம அனுப்ப மாட்டேன்னு ஒரே புடிவாதம்."

மணிமேகலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது எந்த மாசம்?"

"வைகாசி. கடைசி வாரம்."

அந்த வைகாசி பூவிழிக்கும் தெரியும். தோட்டத்தில் ஒரு ஏக்கர் சாமந்தி மஞ்சளாகப் பூத்து நின்றது. மார்க்கெட் மூடிக் கிடந்தது. வாங்க நாதியில்லை. செடியிலேயே பூ அழுகுவதைப் பார்க்கச் சகிக்காமல் அம்மா டிராக்டரை வரச் சொல்லி ரொட்டவேட்டர் விட்டு மொத்தத்தையும் மண்ணோடு உழுது ஓட்டினாள். அன்றைக்கும் மறுநாளும் அம்மா சோறு தின்னவில்லை. அந்த நிலத்தில் ஐந்து மாசம் ஒன்றும் வைக்கவில்லை.

"நான் ஒரு ஏக்கரு பூவ மண்ணுல போட்டு ஓட்டுனேன்க்கா" என்றாள் மணிமேகலை. முனியம்மாளை அவள் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அதே வைகாசியில. மாரண்டஅள்ளி ரோட்டு மேலதான் எந் தோட்டம். அந்தப் பக்கம் வந்தியா தம்பி?"

"வந்தேங்கம்மா" என்றான் மாதவராஜ் மெதுவாக. "அப்ப வெறும் மண்ணாதான் இருந்துச்சு."

மணிமேகலை அழுதாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், ஆனால் மறைக்காமல் அழுதாள். பூவிழி எழுந்து போய் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுகை அடங்கியதும் மணிமேகலை கையை நீட்டினாள். தண்ணீர் டம்ளருக்கில்லை, காபிக்கில்லை. கிண்ணத்தில் கையை விட்டு, ஒரு கை நிறைய மாதுளை முத்தை அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

பூவிழிக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. முனியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மாதவராஜ் நின்ற இடத்திலேயே நின்றான்.

"என்ன எல்லாரும் பாக்கறீங்க?" என்றாள் மணிமேகலை. "நல்லாத்தான் இருக்குது. நீயும் தின்னுடி. காலையில இருந்து ஒண்ணும் குடிக்காம நிக்கற."

அப்புறம் அந்த வீட்டில் எழுந்த சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவதே அதிசயம். பூவிழி தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள், முறுக்கைக் கடித்தாள், முத்தை ஒவ்வொன்றாக எடுத்து மாதவராஜைப் பார்த்துக்கொண்டே தின்றாள். அவன் காது மறுபடியும் சிவந்தது. கிருஷ்ணப்பனுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று அவர் ஆரம்பிக்க, மணிமேகலை போனை வைத்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு சொல்லிடறேன்க்கா" என்று முனியம்மாள் பக்கம் திரும்பினாள். "ஆடியில இருந்து மார்கழி வரைக்கும் எனக்குப் பூவு பாக்க இவ வேணும். ஆயுத பூச, தீவாளி, கார்த்திகன்னு கை ஒடியும். அந்த ஆறு மாசம் இவ எங்கூட."

"அதுக்கென்ன, வெச்சிக்க. தையில அனுப்பிடு. ஆனி வரைக்கும் எங்கூட இருக்கட்டும்."

"பொங்கலு முடிஞ்சிதான் அனுப்புவேன்."

"சரி, பொங்கலு முடிஞ்சே அனுப்பு."

வரப்பு பிரித்துக்கொள்கிற மாதிரி இரண்டு பேரும் வருஷத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பூவிழி நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கிரேக்கத்துக் கதையில் இப்படிப் பங்கு போட்டபோது அந்தப் பெண்ணை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்டதாகப் பாடத்தில் இல்லை. ஆனால் பாதாளத்துக்கு அவள்தான் ராணி என்று இருந்தது. ராணி என்றால் ஏதாவது வேலை செய்திருப்பாள் அல்லவா?

"பங்கு போட்டு முடிச்சாச்சா?" என்றாள். "நான் ஒண்ணு சொல்லலாமா?"

"சொல்லு."

"அங்க ஆறு மாசம் தோட்ட வேல பாக்கறேன். சரி. இங்க ஆறு மாசம் நான் சமையக்கட்டுல ஒக்காந்திருக்க மாட்டேன். வண்டியில அவரு கூட போவேன். பெட்டி எறக்கறதுக்கு, மாலை கட்டறதுக்கு, அழுவறவங்க கையப் புடிச்சிக்கறதுக்கு. எத்தன வூட்டுல பொம்பளங்களே தனியா நிக்கறாங்கன்னு இவரு எங்கிட்ட சொல்லியிருக்காரு. சுடுகாடு வரைக்கும் போவேன்."

மாதவராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் அவளிடம் இதைக் கேட்டதே இல்லை. ஆசைப்பட்டிருக்கிறான் என்பது மட்டும் அந்த முகத்தில் தெரிந்தது.

ஆனால் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்த முனியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது மட்டும் ஆவாது கண்ணு" என்றாள். "பொம்பளங்க சுடுகாட்டுக்குப் போற வழக்கம் எங்க வகையறாவுல கெடயாது. எம் மவன் போறான், அது அவன் தலையெழுத்து. மருமவள நான் அனுப்ப மாட்டேன். இதுல பேச்சே இல்ல."

பூவிழி அம்மாவைப் பார்த்தாள். இனி அம்மா எழுந்துவிடுவாள், 'பாத்தியா, இதுக்குத்தான் சொன்னேன்' என்பாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள் என்று நினைத்தாள்.

மணிமேகலை வாயிலிருந்த முத்தை மென்று விழுங்கினாள். கையை முந்தானையில் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முனியம்மாளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா ஆவாது?" என்றாள். "எம் பூவு மூணு வருசமா போற எடத்துக்கு, எம் பொண்ணு போவக் கூடாதா?"